இருபத்து நாலாம் தேதி கொடுத்த கவர்

1987 ஜூன் பதினைந்து, திங்கட்கிழமை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில், பேண்டேஜ் துணிக்கடை மாடியில் இருந்த சங்கரலிங்கத்தின் அறைக்கு வெள்ளைத்தாய் படியேறி வந்தபோது, அவர் ஒரு விண்ணப்பத்தின் மூன்றாவது நகலுக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து டெல்லிக் கடிதம் ஒன்றையும், தன் கையால் எழுதிய நான்கு பக்கங்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணாச்சி, இந்த நாலு பக்கத்தையும் ஒழுங்கான வாசகமாக்கி டைப் அடிச்சுத் தாங்க. நாளைக்குப் பிரின்சிபால் கையில குடுக்கணும்."

டெல்லிக் கடிதம் ஆறு வரிதான். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அவள் அனுப்பிய விண்ணப்பம் மே மாதம் இரண்டாம் தேதி வந்து சேர்ந்தது, கடைசி நாள் ஏப்ரல் முப்பது, ஆகவே பரிசீலிக்க இயலாது. நான்கு பக்கங்கள் ஒரு புகார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியில் அவளோடு வேலை பார்க்கும் தமிழ்த்துறை விரிவுரையாளர் ஞானதுரை அவளுடைய கவரை வேண்டுமென்றே தாமதப்படுத்தினார் என்று அதில் இருந்தது.

சங்கரலிங்கம் இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருடம் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். இப்போது சரித்திரம், தமிழ், தத்துவம் என்று படித்தவர்களுக்கு ஆராய்ச்சிப் பணம் எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்லி, விண்ணப்பமும் தயாரித்துக் கொடுத்தார். இப்படியெல்லாம் பணம் தருகிறார்கள் என்பதே இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் கடைசி நாள் கழிந்து மறுநாள் வருவார்கள். ஐந்து வருடத்தில் முப்பத்தொரு விண்ணப்பம் அனுப்பி, நாலுதான் கிடைத்திருந்தது. இது தவிர, ஒரு காகிதம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றாலும் ஊரில் அவரைத்தான் கேட்டார்கள். காணாமற்போன இரண்டு கிரயப் பத்திரங்களையும் ஒரு போலி மாற்றுச் சான்றிதழையும் அவர் நாற்காலியை விட்டு அதிகம் எழுந்திரிக்காமலே கண்டுபிடித்திருந்தார். அதில் அவருக்குப் பெருமை ஒன்றும் இல்லை. காகிதத்தை விரட்டிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு மனுசன் அகப்படுவான். அது அவருக்கு அலுத்துப்போன வேலை.

ஆனால் இந்த விண்ணப்பம் அவர் கையால் எழுதியது. தேவதானம், சேத்தூர் பக்கத்துக் கண்மாய்களில் எந்த மடையில் யாருக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று நூறு வருடத்துக்கு முன்னால் ஊர்க்காரர்கள் எழுதி வைத்த உடன்படிக்கைகளை வெள்ளைத்தாய் வீடுவீடாகப் போய்ப் பிரதி எடுத்திருந்தாள். நிலம் உழுது பிழைக்கும் தேவதானத்துச் சம்சாரி வீட்டுப் பெண். எண்பது பிரதிகள் சேர்ந்திருந்தன. அவற்றைப் புத்தகமாக்க இரண்டு வருடச் சம்பள விடுப்பு வேண்டும். 'ஏன் இது, ஏன் இப்போது, ஏன் நீங்கள்' என்ற மூன்று கேள்விக்கும் பதில் அமைய ஆறு முறை திருத்தி எழுதினார்கள். டெல்லிக்கு ரிஜிஸ்தர் தபால் ஐந்து நாள் என்று எண்ணி, இருபத்து நாலாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் போய்விட வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்ததும் அவர்தான்.

"வயசு வரம்பு நாப்பது" என்றாள் வெள்ளைத்தாய். "ஆகஸ்டுல எனக்கு நாப்பது முடியுது. அடுத்த வருசம் நான் கேக்கவே முடியாது அண்ணாச்சி."

"தெரியும்மா. உக்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

அவள் சொன்னாள். இருபத்து நாலாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்குத் தன் கவரைத் தபால் குமாஸ்தா இருளப்பசாமியிடம் கொடுத்தாள். ஞானதுரையும் அதே டெல்லிக் குழுவுக்கு விண்ணப்பித்திருந்தார், கல்லறைக் கல்வெட்டுகளைப் பற்றி. அவரும் அப்போதுதான் கொடுத்தார். அவருடையது இருபத்தொன்பதாம் தேதி டெல்லியில் சேர்ந்து, நேர்முகத்துக்குக் கூப்பிட்டும் விட்டார்கள். ஒரு கல்லூரிக்கு ஒரு ஆள்தான் என்பது விதி. அன்றைக்கு மூன்று மணிக்கு ஞானதுரை கையில் பழுப்புக் கவரோடு போஸ்டாபீஸ் பக்கம் போனதை ஆபீசைக் கூட்டுகிற மாடத்தி பார்த்திருக்கிறாள். ஏன் போனீர்கள் என்று கேட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"குமாஸ்தா எப்படி?"

"இருளப்பசாமி அண்ணாச்சியவா? அவிய தங்கமான மனுசன். நான் கவர் குடுக்கதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பேரு நட்சத்திரம் எல்லாம் கேட்டுட்டுப் போயி ஆண்டாளுக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்தாவ. மகம்னு சொன்னதும், மகம் ஜெகத்தையே ஆளும், டெல்லியை ஆளாதான்னு சிரிச்சாவ."

இதுவரை தட்டச்சு யந்திரத்தின் பின்னால் பேசாமல் இருந்த சண்முகத்தாய் எழுந்து வந்துவிட்டாள். நாற்பத்திரண்டு வயது, சங்கரலிங்கத்தின் டைப்பிஸ்டு. கார்பன் வைத்து ஏழு நகல் அடித்தவள் அவள்தான் என்பதால் கோபத்தில் அவளுக்கும் பங்கு இருந்தது.

"இதுல துப்பு வேற துலக்கணுமாக்கும். அந்த ஞானதுரை ரெண்டு கவரையும் நானே போட்டுட்டு வாரேன்னு வாங்கிட்டுப் போயி, தன்னோடதை மட்டும் போட்டிருப்பான். பொறவு மனசு கேக்காம மூணு நாள் கழிச்சு இதையும் போட்டிருப்பான். பெரிய யோக்கியன்தான்."

"இருக்கலாம்" என்றார் சங்கரலிங்கம். "போஸ்டாபீசுல கேட்டா எந்தத் தேதியில போட்டதுன்னு எழுத்துல சொல்லுவாங்க. ஆனா பதினஞ்சு நாளாகும். டெல்லிக் குழு இருபத்தஞ்சாம் தேதி கூடுது." புகாரை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். "நாளைக்கு நானே வாரேன். அதுவரைக்கும் இது இங்க இருக்கட்டும்."

*

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. சங்கரலிங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், முழங்கால் வலித்தது. சண்முகத்தாய் இரண்டு சீட்டுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டு, ஞானதுரையை எப்படி மடக்குவது என்று ஊர் வந்து சேரும் மட்டும் யோசனை சொல்லிக்கொண்டே வந்தாள்.

கல்லூரி ஆபீசில் அட்மிஷன் கூட்டம். மூலையில் தபால் மேஜை. இருளப்பசாமி எழுந்து நின்று வரவேற்றார். ஐம்பத்தாறு வயது, நெற்றி நிறைய நாமம், சட்டைப்பையில் நாலு பேனா. கேட்பதற்கு முன்பே அனுப்புகைப் பதிவேட்டை எடுத்து விரித்தார். ஏப்ரல் இருபத்து நாலு: வரிசை எண் 311 ஞானதுரை, 312 வெள்ளைத்தாய். இரண்டும் ஒரே பேனா, ஒரே மை. முந்நூற்றுப் பதினொன்றுக்கு எதிரில் தபால் ரசீது ஒட்டியிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரில் வெறும் தாள்.

"ரசீது எங்க?"

"ஒட்டினேன் சார். பசை காஞ்சு விழுந்திருக்கும். மின்விசிறிக் காத்து வேற."

சங்கரலிங்கம் அந்த வெற்றிடத்தைப் பெருவிரலால் தடவினார். தாள் வழுவழுவென்று இருந்தது. பக்கத்து ரசீதின் ஓரத்தில் கோந்து கண்ணாடிபோல் பொருக்குத் தட்டி நின்றது. 

மேஜைமேல் ஒரு குத்துக்கம்பி இருந்தது. அதில் நாட்காட்டித் தாள்கள் கழுத்துவரை குத்தியிருந்தன. இருளப்பசாமிக்கு ஒரு வழக்கம் உண்டு என்று பக்கத்தில் நின்ற வெள்ளைத்தாய் சொன்னாள். தினமும் சுவரில் கிழிக்கிற தாளை வீசமாட்டார். அதன் பின்பக்கத்தில் அன்றைக்குச் செலவான தபால்தலைக் கணக்கைக் குறித்து, கம்பியில் குத்தி, மாதம் முடிந்ததும் நூலால் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார். ஆறு வருடக் கட்டுகள் அங்கே இருந்தன.

சங்கரலிங்கம் ஏப்ரல் கட்டைக் கேட்டு வாங்கினார். குமாஸ்தா கொடுக்கும்போது அவருடைய விரல் நூலை விட்டுப் பிரியச் சற்று நேரம் ஆனது. இருபத்து நாலாம் தேதித் தாளின் பின்புறம்: 'உள்ளூர் 6, மதுரை 2, டெல்லி ரிஜிஸ்தர் 1.' இருபத்தைந்து, இரண்டு உள்ளூர். இருபத்தாறு ஞாயிறு, காலி. இருபத்தேழு: 'மதுரை 1, டெல்லி ரிஜிஸ்தர் 1.'

சண்முகத்தாய் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "பாத்தியளா, மூணு நாள்" என்று கிசுகிசுத்தாள்.

அவர் தாள்களைத் திருப்பி முன்பக்கத்தையும் படித்தார். கிழமை, திதி, ராகுகாலம், குளிகை எல்லாவற்றையும் நிதானமாக, ஊருக்குப் புதிதாக வந்தவன் பஸ் போர்டைப் படிப்பதுபோல. இருபத்து நாலிலும் இருபத்தைந்திலும் கீழே பொடியெழுத்தில் 'சந்திராஷ்டமம்: மகம், பூரம்' என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தாளில் பூரம், உத்திரம். திங்கட்கிழமை அமாவாசை. கட்டைத் திரும்ப நூல் சுற்றிக் கொடுத்தார்.

பிறகு தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மாடத்தியைக் கண்டு பேசினார். அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. சித்திரை வெயில், மூன்று மணி, ஞானதுரை சார் குடைகூட இல்லாமல் ஓட்டமும் நடையுமாகப் போனார். வாசலைத் தாண்டும்போதே ஒரு செருப்பின் வார் அறுந்துவிட்டது.

"தைக்கிறவன் எதுத்தாப்லதான் உக்காந்திருக்கான். செத்த நில்லுங்க சார்ன்னேன். நிக்கலியே. செருப்பை ஒரு கையில தூக்கிட்டு, கவரை ஒரு கையில பிடிச்சுட்டு, ஒத்தக்கால்ல தார் ரோட்டுல போறாரு. கால் வெந்திருக்கும் பாவம்."

"எத்தனை கவர்?"

"ஒண்ணுதான் சாமி. கை ரெண்டுதான மனுசனுக்கு."

*

மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம் சாப்பிடக் கலைந்தது. தபால் மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலி போடச் சொன்னார் சங்கரலிங்கம். ஞானதுரை கடைசியில் வந்து கதவோரம் நின்றார். நாற்பதுக்குள் இருக்கும் ஒல்லியான மனிதர். யாரையும் பார்க்காமல் மேற்கூரையைப் பார்த்தார். வெள்ளைத்தாய் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். இருளப்பசாமி பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நான் போலீஸ் இல்ல" என்று ஆரம்பித்தார் சங்கரலிங்கம். குரலில் களைப்புத்தான் இருந்தது. "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். தப்புன்னா நிறுத்துங்க. வெள்ளிக்கிழமை ரெண்டு கவர் இந்த மேஜைக்கு வந்துது. ரெண்டும் பதிவாச்சு. ஒண்ணு அன்னிக்கே போச்சு, இன்னொண்ணு திங்கக்கிழமை போச்சு. தபால்தலைக் கணக்கே சொல்லுது. சரி, நடுவுல மூணு நாள் அந்தக் கவர் எங்க இருந்துது? ஞானதுரை சார் கையில இல்ல. அவர் ஒரு கையில ஒரே கவர், மறு கையில அறுந்த செருப்பு. அப்ப அது இந்த ஆபீசை விட்டு வெளியவே போகல."

சண்முகத்தாயின் முகம் சற்றே தொங்கியது. வெள்ளைத்தாய் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்து ரசீது. ஒட்டி விழுந்ததுன்னா கோந்துத் தடம் இருக்கும். இல்ல. அதை ஒட்டவே இல்ல. ஒட்டினா இருபத்தேழாம் தேதி முத்திரை இருபத்து நாலாம் தேதி வரிசையில பல்லைக் காட்டும். கவரைத் தாமதிச்சது மேஜைக்கு உரியவர்தான். ஆனா ஏன்? அந்த அம்மாவுக்காக அர்ச்சனை பண்ணினவர். கெடுதல் நினைக்கிற ஆள் இல்ல. நல்லது நினைச்சதுனாலதான் தாமதிச்சார்."

இருளப்பசாமி பேனாவை மேஜையில் வைத்துவிட்டார்.

"நட்சத்திரம் மகம். அர்ச்சனைக்காகக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழிக்கப்போனா, மகத்துக்குச் சந்திராஷ்டமம்னு போட்டிருக்கு. ராசிக்கு எட்டுல சந்திரன். அந்த ரெண்டேகால் நாள்ல யாரும் புதுசா ஒண்ணு தொடங்கமாட்டான். ஞாயித்துக்கிழமை தபால் கிடையாது. திங்கக்கிழமை நிறைஞ்ச அமாவாசை. அன்னிக்கு அனுப்பினா காரியம் செயிக்கும்னு டிராயர்ல வச்சுட்டார். ஞானதுரை சாருக்கு நாளும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. வேதக்காரர், சர்ச்சுக்குப் போறவர். அதனால அவர் கவரை நிறுத்தக் காரணமில்ல."

இருளப்பசாமி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"முப்பதாம் தேதிக்குள்ள அனுப்பினாப் போதும்னு நினைச்சுட்டேன் சார்" என்றார் இருளப்பசாமி. "போய்ச் சேரணும்னு தெரியல. இங்க பரீட்சை ஃபீசு எல்லாம் அனுப்புற தேதிதான் கணக்கு. மேடம் நல்லாருக்கணும்னு பண்ணினது. சனிக்கிழமை அந்தக் கடுதாசி வந்ததும் எனக்குச் சோறு இறங்கல. ரெண்டு வருசந்தான் சர்வீஸ் இருக்கு."

"ரசீதைக் கிழிச்சுட்டீங்களா?"

"ஆபீஸ் ரசீதை எப்படி சார் கிழிக்க?"

"அதான் நானும் நினைச்சேன். ஆறு வருசக் காலண்டர் தாளை வச்சிருக்கிறவர் கிழிக்கமாட்டார்."

குமாஸ்தா சட்டைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவந்துபோன ரசீது உள்ளே மடிந்து இருந்தது.

சங்கரலிங்கம் கதவோரம் திரும்பினார். "இன்னும் ஒண்ணு பாக்கி. ஆபீஸ் அனுப்ப வேண்டிய கவரை ஒரு விரிவுரையாளர் எதுக்குச் சித்திரை வெயில்ல, அறுந்த செருப்போட, தானே தூக்கிட்டு ஓடணும்? இந்த மேஜையில கவர் நிக்கும்னு அவருக்குத் தெரிஞ்சதுனாலதான். தன் கவரும் நின்னுருமோன்னு பயந்து திரும்ப வாங்கிட்டுப் போனார். அப்படித்தான சார்?"

ஞானதுரை நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மேடத்தோட கவரை டிராயர்ல வச்சாரு. இது போகலையான்னு கேட்டேன். திங்கக்கிழமை நல்ல நாள்னாரு. அப்ப சிரிச்சுட்டேன். எனக்குத் தேதி தெரியும். இவங்ககிட்டச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்துல வகுப்பு எடுத்துட்டிருந்தாங்க." நிறுத்தினார். "ஒரு காலேஜுக்கு ஒண்ணுதானேன்னு... வாய் வரல."

வெள்ளைத்தாய் எழுந்தாள். "ஏழு வருசமா ஒரே ஸ்டாஃப் ரூம்ல காப்பி குடிக்கோம், ஞானதுரை. என் டம்ளரைக் கழுவி வச்சவரு நீங்க."  சங்கரலிங்கத்தைப் பார்த்து, புகாரைக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். இப்போது அதில் இரண்டு பெயர் எழுதலாம் என்றாள்.

டிராயரிலிருந்து கொண்டுவந்திருந்த புகாரை அவர் பையிலிருந்து எடுத்தார். கொடுக்கவில்லை.

"தாராளமாக் குடுக்கலாம். உங்க உரிமை. ஆனா செத்த கேளுங்க. அந்தக் குழுவோட விதியில பதினாலாவது ஒண்ணு இருக்கு. நிறுவனத்தோட தவறால தாமதமானா, அந்த நிறுவனத் தலைவர், இங்க பிரின்சிபால், சான்று குடுத்தா, குழு மன்னிக்கலாம். மூணு காகிதம் வேணும். கவர் இருபத்து நாலாம் தேதியே ஆபீசுக்கு வந்ததுக்குப் பதிவேட்டு நகல். ஆபீஸ்தான் தாமதிச்சதுன்னு குமாஸ்தா எழுத்து. அந்தக் கவரை அன்னிக்கு இங்க கண்ணால பாத்த மூணாம் ஆள் சாட்சி." ஞானதுரையைப் பார்த்தார். "சாட்சி ஒருத்தர்தான் இருக்கார். அவர் எழுதினா, அவருக்குப் போட்டியா உங்களை அவரே உள்ள விடுறார்னு அர்த்தம். இவங்க ரெண்டு பேரையும் குத்தவாளி ஆக்கினா, நாளைக்கே வக்கீல் வச்சு வாயை மூடிக்குவாங்க. புகார் செயிக்கும். எண்பது உடன்படிக்கையும் பெட்டியிலயே கிடக்கும்."

வெள்ளைத்தாய் நீட்டிய கை அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக மடங்கியது.

முதலில் காகிதம் கேட்டவர் இருளப்பசாமிதான். நாமத்தில் வேர்வை இறங்க, நல்ல நாள் பார்த்துத் தாமே மூன்று நாள் வைத்திருந்ததாக, ஒன்றையும் மறைக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஞானதுரை இரண்டு முறை எழுதிக் கிழித்தார். மூன்றாவதில், 'அன்றே எனக்குத் தெரியும், தெரிவிக்கத் தவறினேன்' என்ற வரி இருந்தது. அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சண்முகத்தாய் கல்லூரி டைப்ரைட்டரில் முதல்வருடைய சான்றை அடித்தாள். நாடா பழசு, எழுத்து மங்கலாக விழுந்தது என்று முனகினாள். முதல்வர் படித்து, குமாஸ்தாவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, அதைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று சொல்லிக் கையெழுத்திட்டபோது மணி மூன்றேகால்.

ரிஜிஸ்தர் கவுண்டர் நான்கு மணிக்கு அடைத்துவிடும். கவரை ஒட்டியதும் வெள்ளைத்தாய் தானே போட்டுவிட்டு வருவதாகக் கையை நீட்டினாள். இருளப்பசாமி கவரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அன்றைய தாளில் செவ்வாய்க்கிழமை என்று இருந்தது. ராகுகாலம், மூன்று முதல் நாலரை. முப்பத்து நாலு வருட உத்தியோகத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் ஒரு கவரைக்கூட வெளியே கொண்டுபோனதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மாடத்தி துடைப்பத்தோடு நின்று பார்த்தாள்.

"குடுங்க அண்ணாச்சி, நான் போறேன்" என்றாள் வெள்ளைத்தாய் மறுபடியும்.

"இது என் மேசை வேலை மேடம்" என்றார் அவர். செருப்பை மாட்டிக்கொண்டு, கவரை மார்போடு அணைத்து, வெயிலில் இறங்கினார்.

சங்கரலிங்கம் ஜன்னல் வழியே அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். பிறகு தன் நோட்டை எடுத்து, முப்பத்தொன்றாவது விண்ணப்பத்துக்கு எதிரே 'நிராகரிப்பு' என்று நேற்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்குப் பதில் வேறு ஒன்றும் எழுதவில்லை. அவர் எடுத்துவைத்த புகாரின் நான்கு பக்கமும் பக்கத்தில் மேஜைமேல் கிடந்தன. வெள்ளைத்தாய் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு இருளப்பசாமி திரும்பி வந்தார். சட்டை நனைந்திருந்தது. ரசீதில் கோந்து தடவி, பதிவேட்டில் அன்றைய வரிசைக்கு நேராக வைத்து, நான்கு மூலையையும் பெருவிரலால் அழுத்தி ஒட்டினார். ஒட்டிய பிறகும் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.